அம்மாவின் சக்களத்தி

இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. மேட்டுச் சாலையின் முதல் வளைவிலேயே இந்தக் கதி. மகள் பதறிப்போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஒரு குலுக்கல். கியர் பிடித்துக்கொண்டது. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

"ரெண்டுல போடு," பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அப்பாவின் குரல் காற்றாக வந்தது. "டி-ல விட்டா மேல கீழ மாத்திக்கிட்டே இருக்கும். சூடேறிடும்."

"நீங்க பேசாம படுங்கப்பா," என்றபடி கியர் லீவரை டி-யிலிருந்து இரண்டுக்கு இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பேச்சை எடுத்ததுமே அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நம்ம வண்டியிலதான் போகணும், என் கட்டில்லதான் படுக்கணும். "கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன்பா" என்று இவளும் பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் இந்த மேடு நினைவுக்கு வந்தது.

அப்பா பல் வைத்தியர். இடது கால் விளங்காததால் க்ளட்ச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கினார். மகளைவிட மூத்தது. அதற்கு அவர் செய்யும் சேவகத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர் சக்களத்தி. "எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கித் தர நேரமில்ல. அவளுக்கு மட்டும் வேளாவேளைக்கு எண்ணெய் பாக்கணும்," என்று ஊருக்கே கேட்கச் சொல்வாள். அப்பா படுக்கையில் விழுந்தபின் அந்த எண்ணெயை யாரும் பார்க்கவில்லை.

பாதி மேட்டில் கருகல் வாடை வந்தது. மகள் சாலை சற்று அகலமான இடத்தில் ஒதுக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கை சாவிக்குப் போனது.

"அணைச்சிடாத," என்றார் அப்பா. "ஓடினாத்தான் எண்ணெய் சுத்திவந்து ஆறும். கொஞ்ச நேரம் ஓடட்டும்."

இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லைச் செருகினாள். பானெட்டைத் திறந்து, கியர் எண்ணெயின் அளவுகோலை உருவி அப்பாவின் கைக்குட்டையில் துடைத்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காபிக் கஷாயமாக இருந்தது. முகர்ந்தாள், தீய்ந்த நாற்றம். இத்தோடு நின்றுவிட்டால்? லாரிகள் புழுதி வாரி இறைத்துக்கொண்டு போகும் இந்த ரோட்டோரத்தில் அப்பா போய்விட்டால்? வாடை குறையும்வரை அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தபோது, மடியில் கிடந்த தலையைக் கோதிக்கொண்டிருந்த அம்மா, போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தாள்.

"அப்பா எப்படிம்மா?"

"தூங்கிட்டாரு." அம்மா நிமிரவில்லை. "நீ ரோட்டப் பாத்து, மெதுவாவே போ."

ஏறி உட்கார்ந்து, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவின் மார்பின்மேல் போர்வை மெல்ல நடுங்கியது. மூச்சு இருக்கிறது. போதும்.

அதன்பின் வழியெல்லாம் அந்தக் கண்ணாடிதான் அவளுக்குத் துணை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பார்வை. போர்வை அசைந்தால் அடுத்த வளைவுவரை தைரியம். மேடு முடிந்தது. தெரு வந்தது. கேட்டுக்குள் நுழைந்து பிரேக்கை அழுத்தியதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வந்துட்டோம்பா! சொன்ன மாதிரியே கொண்டுவந்துட்டேன்!"

திரும்பினாள். போர்வை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சீட்டில் கிடந்த பாட்டிலுக்குள் தண்ணீரும் நடுங்கியது. அம்மாவின் முந்தானை நுனியும் நடுங்கியது. எல்லாம் இன்ஜினோடு சேர்ந்து ஒரே சீராக. அம்மாவின் உள்ளங்கை மட்டும் அப்பாவின் மூடிய கண்களின்மேல் அசையாமல் இருந்தது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுத் தச்சர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். "உள்ள கட்டில் போட்டாச்சு. வண்டிய ஆஃப் பண்ணும்மா, தூக்கிடலாம்."

அவள் சாவியைத் தொட்டாள். திருப்ப முடியவில்லை. திருப்பினால் அந்தப் போர்வை நின்றுவிடும்.

"அணைச்சிடாத," என்றாள் அம்மா. "அவ்ளோ மேடு ஏறி வந்திருக்கா. சூடா இருப்பா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

தச்சர் ஒன்றும் புரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றார். மகள் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் போர்வை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.