வேகத்திற்கு இருபது மதிப்பெண்

பணி ஓய்வு பெற்ற மறு மாதமே மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எதை வாங்குவது என்று தீர்மானிப்பதற்காக, சாய்ந்தமர்ந்து ஓட்டும் க்ரூஸரையும் முன்குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கையும் அட்டவணையிட்டு மதிப்பெண் வழங்கினேன். வேகத்திற்கு மட்டும் இருபது. ஸ்போர்ட்ஸ் பைக் முதல் வகுப்பில் தேறியது.

பின்னால் அமரவேண்டிய என் மனைவியோ ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"ஒரு தடவை வண்டியைச் சாய்ச்சீங்கன்னாலும் நான் பஸ்லதான் வருவேன், பாத்துக்கோங்க."

அவளில்லாமல் ஊர் சுற்ற எனக்கு விருப்பமில்லை.

கடையில் விற்பனையாளர் என்னை ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஏற்றிவிட்டு, "ஸ்டாண்டை எடுங்க சார்" என்றார். எடுத்தேன். என் கால்விரல்களின் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. உயரம் என்றொரு தலைப்பே என் அட்டவணையில் இல்லை. வண்டி என்னையும் சேர்த்துக்கொண்டு மிக நிதானமாகச் சாயத் தொடங்கியது. மனைவி ஓடிவந்து முட்டுக்கொடுத்தாள்.

"இது சாஞ்சதுல சேருமா?" என்று ஈனக்குரலில் கேட்டேன்.

"நான் புடிச்சிட்டேன்ல, சேராது. எறங்குங்க. அந்தக் குட்டை வண்டியைக் காட்டச் சொல்லுங்க."

க்ரூஸரில் இரு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்றின. அதையே வாங்கினோம்.

முதல் பயணத்தில் அவள் என் தோளைப் பற்றியிருந்தாள். பின்னாலிருந்து விடாமல் மணியோசை கேட்டது. சைக்கிளில் வந்த ஒருவர், எங்களை முந்துவதற்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓரமாப் போங்க, பாவம்" என்றாள் மனைவி. "அவருக்கு என்ன அவசரமோ."