கையெழுத்துக்கு முன்

புகைப்படக்காரர் இரண்டாவது தடவையும் "சிரிக்காத" என்று சொன்னபோதுதான் மைரெலினுக்கு மனசு இடறியது.

சாந்தோ தொமிங்கோ நகரத்தில் ஒரு மாடி ஸ்டூடியோ. முடி எண்ணெய் விளம்பரம் என்று சொல்லித்தான் மாடலிங் ஏஜென்சி நடத்தும் நூரிஸ் அவளைக் கூட்டி வந்திருந்தாள். மைரெலினுக்கு இது முதல் வேலை. கிடைத்ததே அவளுடைய அடர்ந்த சுருள்முடியால்தான். அதை நேராக்கிக்கொண்டு வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதே முடிக்கு இன்று விளக்கு, கேமரா, ஏசி அறை. காலையிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்கவில்லை. ஒப்பனைக்காரி துண்டால் பரபரவென்று தேய்த்து முடியைப் பறட்டையாக்கியிருந்தாள். புகைப்படக்காரர் ராதமேஸ் முகத்தைத் தொங்கப்போடச் சொல்லியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் நூரிஸ் நான்கு தாள்களை நீட்டினாள். "கையெழுத்துப் போட்டுடு என் ராணி. எல்லாரும் போடறதுதான்."

"படிச்சுட்டுப் போடறேன், தோன்யா." பெரியவர்களை அந்த ஊரில் தோன், தோன்யா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு, கதைப் புத்தகமா?"

மைரெலின் படித்தாள். முதல் பக்கம் புரிந்தது. இரண்டாவதில் ஒரு வாக்கியம் மூச்சுவிடாமல் ஓடியது: 'நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கும், எந்த ஊடகத்திலும், காலவரையின்றி, படத்தை மாற்றியமைத்தும் பயன்படுத்தலாம்.' திரும்பப் படித்தாள். எந்தப் பொருளுக்கும். மாற்றியமைத்தும். எதிர்க்கண்ணாடியில் அவளுடைய பறட்டைத் தலை தெரிந்தது.

எண்ணெய் நிறுவனத்தின் ஆள் ஒலிவாரெஸ் சோபாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமே போனாள்.

"தோன் ஒலிவாரெஸ், உங்க கம்பெனி எண்ணெய் மட்டுமா பண்ணுது?"

"ஷாம்பு இருக்கு. முடி நேராக்கற கிரீம் புதுசா வருது. ஏன்?"

"அந்தக் கிரீமுக்கு 'போடறதுக்கு முன்னாடி'ன்னு ஒரு படம் வேணும்ல? அது நானா?"

ராதமேஸ் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். நூரிஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடு. உன்னை மாதிரி பத்துப் பேர் கீழ நிக்கறாங்க."

ஒலிவாரெஸ் மறுக்கவில்லை. "எண்ணெய்க்கும் எடுப்போம்மா. இது கூட ஒண்ணு. நேரான முடியைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்குவோம். உனக்கு என்ன நஷ்டம்?"

"ஊர் பூரா என் தலையக் காட்டி, இது சீக்குன்னு சொல்வீங்க. அதான் நஷ்டம்."

"எடுத்தாச்சு." அவர் கேமராவைக் காட்டினார். "இனிமே நீ போனாலும் ஒண்ணுதான், இருந்தாலும் ஒண்ணுதான்."

மைரெலின் கேமராவைப் பார்த்தாள். எடுத்துவிட்டார்கள். அந்த முகம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் கையிலிருந்த தாள்கள் உறைத்தன. எல்லாம் முடிந்துவிட்டதென்றால் இதை எதற்கு நீட்டுகிறார்கள்?

"போனாலும் இருந்தாலும் ஒண்ணுன்னா, என் கையெழுத்து எதுக்கு?" தாள்களைத் தூக்கிக் காட்டினாள். "இது இல்லாம அந்தப் படத்த நீங்க ஒரு செவுத்துல ஒட்ட முடியாது. அது உங்களுக்கும் தெரியும்."

ஒலிவாரெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். நூரிஸைப் பார்த்தார். "எங்கிருந்து புடிச்சீங்க இவள?"

"வில்லா மேய்யா பேட்டை, சார். அங்க எல்லாத்துக்கும் வாய் இப்படித்தான்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போனவர் சீக்கிரம் வரவில்லை. ஒப்பனைக்காரி சீப்புகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். மைரெலின் நாற்காலியில் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்ததும் ஒலிவாரெஸ் பேனாவைத் திறந்து 'எந்தப் பொருளுக்கும்', 'காலவரையின்றி' என்ற இரண்டையும் அடித்து மாற்றி எழுதினார். "எண்ணெய்க்கு மட்டும். ஒரு வருஷம். சரியா?"

"மாத்தியமைக்கறது?"

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடித்தார். அடித்த இடங்களில் இருவரும் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார்கள். காலையில் எடுத்த படங்களை ராதமேஸ் அவள் பக்கத்தில் நின்றே அழித்தார். கடைசிப் படத்தில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. "நல்ல படம்தான்," என்றார் மெதுவாக. அழித்தார்.

பிறகுதான் மைரெலின் கையெழுத்துப் போட்டாள். எண்ணெய் வைத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு வர வெகுநேரம் பிடித்தது.

படியிறங்கும்போது நூரிஸ் பொரிந்தாள். "என் மானத்த வாங்கிட்ட. இனிமே உன்ன எவன் கூப்பிடுவான்? கேக்கணும்னா என்கிட்டத் தனியாக் கேக்க வேண்டியதுதானே?"

"அடுத்த தடவ பேப்பர முந்தின நாளே அனுப்புங்க தோன்யா. தனியாக் கேக்கறேன்."

நூரிஸ் விறுவிறுவென்று முன்னால் இறங்கிப் போனாள். நாலு மாதம் அவளைக் கூப்பிடவே இல்லை. ஐந்தாவது மாதம் ஒரு காலணிக் கடை விளம்பரத்துக்கான ஒப்பந்தம் நூரிஸிடமிருந்து மைரெலினின் போனுக்கு வந்தது. படப்பிடிப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.