பட்டை சின்னது

...இல்லை என்று சொல்லிவிட்டேன், அவ்வளவு சுலபமாக, வார்டில் யாராவது பேனா இருக்கிறதா என்று கேட்டால் சொல்வதைப் போல, இல்ல டாக்டர் என்று. முன்னாடி எப்பவாவது இவளுக்கு பிரஷர் பார்த்ததுண்டா சிஸ்டர் என்றுதான் கேட்டார், பதினான்கு வயது மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் ஸ்கேன் அறைக்குள், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். பதினாறு வருடமாக, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், இப்படி உட்கார்ந்திருப்பவர்களிடம் தைரியமா இருங்க என்று சொல்லியபடி நடந்துபோயிருக்கிறேன், நிற்காமல்... நின்று சொன்னதே இல்லையா? முதலில் கையில் பிரஷர் பார்த்தார் டாக்டர், நூற்றைம்பத்திரண்டு, பிறகு தொடையிடுக்கில் இரண்டு விரலை வைத்து நாடியை வெகுநேரம் தேடினார், பிறகு காலில் பிரஷர் பட்டையைக் கட்டினார், தொண்ணூற்றெட்டு. ஒரே உடம்பில் இரண்டு பேர் குடியிருப்பதைப் போல. "பிறக்கும்போதே அந்த இடம் குறுகியிருக்கு சிஸ்டர்," என்று காகிதத்தில் வரைந்தார், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி, தலைக்கும் கைகளுக்கும் கிளை விட்டபிறகு, கீழே இறங்கும் இடத்தில் யாரோ கயிறு போட்டு இறுக்கியதைப் போல ஒடுங்கி... மேலே வெள்ளம், கீழே வறட்சி. விரித்துவிடலாம், தமனிக்குள் பலூன் விட்டு ஊதலாம், ஆபரேஷன் இருக்கிறது, அது பயமில்லை. "மேல்பாதியில இந்த அழுத்தம் எத்தனை வருஷமா இருக்குன்னு தெரியணும். இதயச் சுவர் தடிச்சிருக்கு. மூளைக்குப் போற குழாய்களை எவ்வளவு சீக்கிரம் பார்க்கணும்ங்கிறதையும் அதை வச்சுதான் சொல்லமுடியும்." அதற்குத்தான் கேட்டார். அதற்குத்தான் இல்லை என்றேன்.

வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு திருப்பத்திலும் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவாள், அவள் அப்பா மேலேயிருந்து குரல் கொடுப்பார், "ஆமை வந்துருச்சா, இல்ல ரெண்டாவது மாடியில முட்டை போட்டுக்கிட்டிருக்கா?" "மூணு போட்டாச்சுப்பா, நீங்க அடுப்பைப் பத்தவைங்க." சிரித்தோம், எத்தனை சிரித்தோம், பெயரே ஆமை என்றாகிவிட்டது. பாதம் எப்போதும் ஜில்லென்றிருக்கும், சாக்ஸ் போட்டுக்கோடி என்பேன், நான், நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் தலைவலி என்றாள், வார்டிலிருந்து கொண்டுவந்திருந்த பிரஷர் கருவியை எடுத்துக் கையில் கட்டினேன், நூற்று நாற்பத்தெட்டு. பயந்தேனா? ஒரு நொடி. அப்புறம் பட்டையைப் பார்த்தேன், சின்னக் குழந்தைகளுக்கானது, இவள் கைக்கு நெருக்கிப் பிடித்திருந்தது, சின்னப் பட்டை கட்டினால் அளவை அதிகமாகத்தான் காட்டும், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் வாரமே நான் சொல்லித்தருவது இது. ஒன்றும் தெரியாத ஓர் அம்மா அந்த எண்ணைப் பார்த்ததுமே பதறி ஓடியிருப்பாள். எனக்குத் தெரிந்திருந்தது. பட்டை சின்னதுடி, நாளைக்குப் பெரிசு கொண்டுவரேன் என்றேன்... அந்த நாளை என்ன ஆனது, யாராவது லீவு போட்டார்களா, நான் தூங்கிவிட்டேனா, ஒன்றும் ஞாபகமில்லை, எண் மட்டும் இருக்கிறது.

சொல்லிவிடலாம். தடிப்பு நேற்று வந்ததல்ல என்று அவருக்கே தெரியாதா, தெரிந்தால் என் வாயால் எதற்கு, இல்லை, தெரியட்டும், சிஸ்டர் என்று இனி ஒருமாதிரி கூப்பிடட்டும்... கதவு திறந்தது. மகள் கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சை அழுத்தியபடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வலிச்சுதா?"

"இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "டாக்டர் உள்ளயும் வந்து கேட்டாங்கம்மா, வீட்ல பிரஷர் பார்த்திருக்காங்களான்னு. பார்த்ததே இல்லன்னுட்டேன்."

அவளுக்கு எண்கூட ஞாபகமிருக்கும். எழுந்தேன், டாக்டரின் அறை நாலடி தூரம்தான், ஆனால் திரும்பி இவளைப் பார்த்தேன், எனக்காக இவள் எத்தனை நாளாக எதையெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், தலைவலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, இப்போது கேட்டேனே வலிச்சுதா என்று, அதற்கும்...