தள்ளியவருக்கு இடம் உண்டு

பென்னலூர் வாழ் பெருமக்களுக்கும், சுற்றுவட்டக் கிராமத்தாருக்கும், டிரங்க் ரோட்டில் கைகாட்டினால் நிறுத்துகிற மற்றும் நிறுத்தாத சகல பஸ்களின் கண்டக்டர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரும்புக்கடை முதலாளியும் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கும் வேட்பாளருமான திரு. கோதண்டராமன் அவர்கள், பொதுநலன் கருதி, தம் காரை மாற்றத் தீர்மானித்துவிட்டார்.

இந்த அறிவிப்பை அவர் பல் விளக்கிக்கொண்டே மனைவி சுந்தராம்பாளிடம்தான் வெளியிட்டார். வாய் நிறைய நுரை. அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

மாற்ற வேண்டிய காருக்கு ஊரில் 'துரை' என்று பெயர். சீமையில் செய்தது. எந்த எஸ்டேட் மேனேஜரோ ஓட்டித் தேய்த்து, ஏலத்தில் விட்டு, கோதண்டராமனிடம் வந்து சேர்ந்தது. பார்வைக்குக் கம்பீரம்தான்: உருண்டை முதுகு, தோல் சீட்டு, முன்னால் பளபளவென்று பல்வரிசை. ஆனால் இடது கதவை வெளியிலிருந்து யாராவது உதைத்தால்தான் உள்ளே இருப்பவர் இறங்க முடியும். ஹாரன் அமுக்கினால் அடிக்காது. வண்டி வலது பக்கம் திரும்பினால் தானாக அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் செல்ஃப் எடுக்காது. தள்ள வேண்டும்.

தள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை. டிரங்க் ரோட்டில் கம்பெனி பஸ் பிடிக்கப் போகும் பாபு போன்ற ஷிப்ட் ஆட்கள், ஸ்ரீபெரும்புதூருக்குக் கீரைக்கூடை கொண்டுபோகும் முனியம்மாள், எங்கே போகிறார் என்று அவருக்கே தெரியாத அப்பாவு. பிள்ளையார் கோயில் திருப்பம் வரை தள்ளுவார்கள். துரை இருமும், உதறும், கிளம்பும். தள்ளியவர்கள் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். தள்ளியவருக்கு இடம் உண்டு, தள்ளாதவருக்கு இல்லை. யார் போட்ட சட்டமோ தெரியாது. கோதண்டராமனின் சொந்த மச்சானையே ஒருமுறை கீழே இறக்கிவிட்டார்கள்.

ஏறியவர்கள் சும்மா வருவார்களா?

"அண்ணாத்தே, எங்க தெருவு பைப்புல பொங்கலுக்கு வந்த தண்ணி. அப்பறம் காத்துதான் வருது" என்பாள் முனியம்மாள், கூடையை அவர் தோள்மேல் சாய்த்தபடி.

"பாக்கலாம்மா."

"போன வாரமும் பாக்கலாம்னுதான சொன்ன. இன்னும் இன்னா பாத்துகினு கீற?"

வண்டியை நிறுத்தி அவளை இறக்கிவிடவும் வழியில்லை. நிறுத்தினால் மறுபடி அவள்தான் தள்ள வேண்டும். ஆகவே கோதண்டராமன் யூனியன் ஆபீஸுக்குப் போய்க் குழாயைப் பற்றிக் கேட்டார். அப்பாவுவின் ரேஷன் கார்டைக் கேட்டார். தெருவிளக்கைக் கேட்டார். வருஷக்கணக்கில் இப்படிக் கேட்டதில், ஊருக்கு ஏதாவது வேண்டுமென்றால் கோதண்டராமன் என்று ஆகிவிட்டது. அவரோ இது தம் பிறவிக் குணம் என்றும், அப்படிப்பட்டவர் தலைவராவது நாட்டுக்கே நல்லது என்றும் முடிவு செய்து, எண்பத்தாறாம் வருஷத் தேர்தலில் நின்றார்.

நின்றதும் நிம்மதி போயிற்று. தலைவராகப் போகிறவரை ஜனங்கள் பின்னால் நின்று தள்ளுவதா? உட்கார்ந்தால் புதுக் கார் ஞாபகம். எழுந்தால் துரையின் தோல் சீட்டு ஞாபகம். கடையில் கம்பி எடை போடும்போதே எழுந்துபோய் ரோட்டைப் பார்ப்பார். அந்த நாளில் புதிதாக வந்திருந்த சின்னக் கார் ஒன்று சத்தமில்லாமல் போகும். துரை அழகா, இது நம்பகமா என்று வருகிற வாடிக்கையாளரையெல்லாம் கேட்டார். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணி வாங்காமலே போனார்கள்.

ஒருவழியாக, எப்போதோ பதிந்துவைத்திருந்த புதுக் கார் மெட்ராஸிலிருந்து வந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். துரையைச் செங்கல் சூளைக்காரர் சுப்பராயன் வாங்கிக்கொண்டார். தேர்தலில் எதிரே நிற்பவரும் அவர்தான்.

"ஊரெல்லாம் அவனத் தள்ளிகினு போவட்டும். வேடிக்கையா இருக்கும்" என்று சிரித்தார் கோதண்டராமன்.

"இனிமே காலைல தள்ளு தள்ளுன்னு நீங்க யார்கிட்ட கத்துவீங்க?" என்றாள் சுந்தராம்பாள். "என்கிட்ட வராதீங்க."

புதுக் கார் சாவியைத் தொட்டாலே கிளம்பியது. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஓடிவருகிறவர்கள் ஏறிக்கொள்ள அவர் கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடும், தேவையே இருக்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கும்பலைப் பார்த்துத் தலைவர்கள் கையசைக்கிற மாதிரி அசைத்துவிட்டுப் போனார். கடைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் வாசலில் நின்ற காரைக் கிளப்பிப் பார்த்தார், கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார், மறுபடியும் கிளம்பியது. ஒருமுறையாவது மக்கர் பண்ணாதா என்று ஆத்திரமாக வந்தது.

ஒரு காலையில் சூளைப் பக்கமிருந்து துரை உதறிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் அதே ஜனம். உள்ளே சுப்பராயன், தோளில் அதே கீரைக்கூடை. முனியம்மாள் அவரிடம் குழாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். கோதண்டராமனுக்கு ஓட்டு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் வழியிலேயே காரை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்தார்.

"ஏறும்மா முனியம்மா. பெரும்புதூர்ல விட்டுர்றேன்."

அவள் சீட்டைப் பார்த்தாள். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

"இல்ல அண்ணாத்தே. நாங்க தள்ளவே இல்லியே. சும்மா எப்புடி ஏறுறது?"

"அதனால இன்னா? ஏறு."

"ஓசில போனாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும். நீ போ."

பாபு கூட ஏறவில்லை. "ஷிப்டுக்கு நேரமாவுதுண்ணா" என்றான். நேரமாகிறவன் காரில் ஏறாமல் நடந்தான்.

அன்று முழுக்கக் கோதண்டராமன் கடைக்கும் ரோட்டுக்குமாக அலைந்தார். பிறகு ஒரு மகத்தான யோசனை உதித்தது. ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின காலை, பிள்ளையார் கோயில் திருப்பத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். கும்பல் வந்தது.

"இன்னா அண்ணாத்தே, நின்னுட்ச்சா?" முனியம்மாள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவருக்கே மனசு நிறைந்தது.

"செல்ஃப் எடுக்கல. கொஞ்சம் தள்ளுங்கப்பா."

கூடை கீழே இறங்கியது. சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஆறேழு பேர் பின்னால் போனார்கள். அப்பாவு வேட்டியை இறுக்கிக் கட்டினார். கோதண்டராமனுக்குக் கண் கலங்கியது. கம்பெனியில் நாள் முழுக்க எஞ்சின் சாமானோடு கிடக்கும் பாபு மட்டும் பின்னால் போகாமல் ஜன்னலுக்கு வந்தான்.

"பேட்டரியான்னு பாக்கலாம்ண்ணா" என்று உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பினான்.

பூனை உறுமுகிற மாதிரி வண்டி கிளம்பியது.

பின்னால் காரில் கைவைத்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. முனியம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நல்ல வண்டிப்பா" என்றார் அப்பாவு. "ஒரு கொற சொல்ல முடியாது."

சூளைப் பக்கம் துரை இருமுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் வேகமாக நடந்தார்கள்.

ஓட்டு எண்ணிய அன்று கோதண்டராமனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. யூனியன் ஆபீஸ் வேப்பமரத்தை வலமும் இடமுமாகச் சுற்றினார். உள்ளே இருந்து ஆள் வந்து சொல்வதற்கு முன்பே, கேட்டுக்கு வெளியே துரையின் ஹாரன் தானாக அடித்துக்கொண்டு வலது பக்கம் திரும்புவது கேட்டது. எட்டிப் பார்த்தார். மாலையும் கழுத்துமாகச் சுப்பராயன் உள்ளே இருந்தார். ஊரே அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. தள்ளத் தள்ள, இடம் இல்லாமல் பானெட்மேலும் ஏறிக்கொண்டார்கள்.

கோதண்டராமன் தம் காரில் தனியாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

உடனே கிளம்பியது.