இருக்காரா?

…எடுக்காமலே போகட்டும் என்று ஒரு மனசு, எடுத்துத் தொலையுங்களேன் என்று இன்னொரு மனசு, அந்த முனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது… உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காகப் போன் போட்டுக் கேட்பது அவள் வேலை, அதைப் பச்சையாகக் கேட்க முடியுமா, 'சார் நல்லா இருக்காரா?' என்றுதான் ஆரம்பிப்பாள், எடுத்தவர் கொஞ்சம் தயங்கினாலே போதும், விஷயம் விளங்கிவிடும். அபூர்வமான நோய் என்கிறார்கள், அந்த அபூர்வம் போன மாதம் அவள் வீட்டுக்காரரின் காதடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டதே, இதற்கு என்ன சொல்வது? கட்டியை எடுத்தாச்சு, தொல்லை விட்டது என்று அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறார், நோய் நரம்போடு ஊர்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்வது அவளுக்கு மட்டும்தான் தெரியும்… நரம்பு, வெட்டிய ஓரத்தில் மிச்சம், வயசு, நுரையீரல், எது எது ஆளைச் சாய்க்கும் என்று தினமும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவளுக்கு அதைப் படிக்கத் தெரியாமலா போகும், சொல்லிவிடலாமா, சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்லாமல் எத்தனை நாள்—

"ஹலோ, யாரு?" ஆண் குரல். மகனாக இருக்கும், 'அப்பா எப்படி இருக்காரு?' என்று வாய்வரை வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து என்று மட்டும் சொல்லிப் பேஷண்ட் பெயரைச் சொன்னாள். "நான்தாம்மா பேசறேன், எனக்குத்தான் ஆபரேஷன் நடந்தது." அவர் ஃபைலைப் பார்த்தால் நரம்பிலும் இருந்தது, நுரையீரலிலும் புள்ளிகள், ஆபரேஷன் முடிந்து ஒன்பது வருஷம், ஆனாலும் மனுஷன் கணீரென்று பேசுகிறார்! கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தாள், வைத்துவிடலாம், வைக்க மனசில்லை, கேட்கக்கூடாததைக் கேட்டேவிட்டாள். "வீட்டுல உங்ககிட்ட அப்பவே எல்லாம் சொல்லிட்டாங்களா சார்?"

அவர் சிரித்தார். "எங்க சொன்னா? என் பொண்டாட்டி மூச்சு விடல. அவ முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். மறைச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்கா பாவம், அதைக் கெடுப்பானேன்னு நானும் கேக்கல… இரும்மா, அடுப்புல பால் பொங்குது!" டொக்கென்று வைத்துவிட்டார்.

உயிரோடு இருக்கிறார் என்று குறித்தாள். அடுத்த நம்பர்… விரல் நகரவில்லை. தக்காளி என்ன விலை, பக்கத்து வீட்டில் என்ன சத்தம், பஸ் ஏன் லேட்டு என்று ஒன்று விடாமல் துருவித் துருவிக் கேட்கிற அவள் வீட்டுக்காரர், ரிப்போர்ட் வந்ததா என்று மட்டும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே… மறந்திருப்பாரோ, மறக்கிற ஆளா அவர்…