பதுவை ஊரின் இரண்டாவது புனிதர்

பேர்ணடெற் ஒப்பரேசனுக்குப் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரணம், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செத்துப்போன ஒரு வைத்தியர். அவரைக் கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மகள் நிரோஷினி என்பதால், பழியை வேறு யார் தலையிலும் போட வழியில்லை.

நிரோஷினி ஆறு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது அவரைத்தான். லொரென்சோ வால்தெரி, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர். பகலில் நாடி பிடிப்பார். மிச்ச நேரத்தில் பழைய கிரேக்க ஏடுகளைப் பிழை திருத்தி லத்தீனில் எழுதுவார். புனிதர்களின் எலும்பைத் தொட்டால் நோய் மாறும் என்பவர்களைத் தன் நூலில் கிழி கிழியென்று கிழித்தவர். நோயாளிக்குப் பொய் சொல்லும் வைத்தியன் கள்ளனிலும் கேடு என்றும் எழுதினார். அதே மனிதர், சாகக் கிடந்தவர்களின் கையில் ஏதோ ஒரு கந்தலைக் கட்டி, "இது அந்தோனியாரின் அங்கித் துண்டு" என்று சொன்னாராம். இதில் எது உண்மையான வால்தெரி? ஆறு வருடமாக நிரோஷினி தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

போன மாரிக் குளிரில் அவருடைய படத்தை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் விட்டிருந்தாள். சிவப்பு அங்கி, கையில் புத்தகம், மேலே பார்க்கும் கண்கள்.

"ஆர் பிள்ளை உவர்?" என்று தாய் கேட்டாள்.

"பதுவையிலை இருந்த ஒரு வைத்தியர் அம்மா" என்றுவிட்டு மகள் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

பதுவை, புனித அந்தோனியாரின் ஊர். அந்த ஊரில் புத்தகமும் கையுமாக நிற்பவர் புனிதர் இல்லாமல் வேறு யாராம்? படம் சட்டத்துக்குள் போய், சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மெழுகுதிரி எரிந்தது. நிரோஷினி அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாளே தவிரத் திருத்தவில்லை. சோம்பலுக்குச் சிரிப்பு நல்ல சாட்டு.

பிறகு தாயின் மார்பில் கட்டி. ஒப்பரேசனுக்குத் திகதியும் வந்தது.

"இப்ப நோ மாறீட்டுது. உவர் கரைச்சுப்போட்டார். பிறகென்னத்துக்கு வெட்டுவான்?" என்று தாய் வால்தெரியின் படத்தைக் காட்டினாள்.

நிரோஷினி இப்போதுதான் திருத்தப் பார்த்தாள். "அம்மா, அவர் புனிதர் இல்லை. புனிதர்மாரைக் கும்பிடுறவையை நக்கலடிச்ச மனுசன்."

"புனிதர்மார் தங்களைப் புனிதரெண்டு சொல்லமாட்டினம் பிள்ளை."

இதற்கு எந்த நூலகத்தில் போய்ப் பதில் தேடுவது? உண்மையைச் சொன்னால் ஏறவில்லை. சும்மா இருந்தால் கட்டி வளரும். அடிக்குறிப்பில் ஒரு பக்க எண் பிசகினாலே நித்திரை கொள்ளாதவள், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பமுடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் எழுதியிருக்கிறார் அம்மா. தன்னட்டை மன்றாடுறவை முதல் கத்திக்குப் போகவேணுமாம். பிறகுதானாம் திரி கொளுத்துறது."

"மெய்யே? லத்தீனிலையோ?"

"ஓம், லத்தீனிலைதான்."

பேர்ணடெற் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப போகத்தானே வேணும்."

ஆஸ்பத்திரியில், ஒப்பரேசன் அறை வாசலில், தள்ளுகட்டிலில் படுத்திருந்த தாய் மகளின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, அவரட்டைப் போன சனமெல்லாம் சுகப்பட்டவையோ?"

பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களுடைய பெயர்கள்கூட நிரோஷினிக்குத் தெரியும்.

"எல்லாரும் அம்மா. ஒராள் மிச்சமில்லாமல்."

தாயின் முகம் தெளிந்தது. தன் கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்த மகளின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"அப்ப நீ ஏன் பயப்பிடுறாய்?"

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. தான் செய்தது சரியா பிழையா என்று நிரோஷினிக்குப் பிடிபடவேயில்லை. அம்மாவுக்காவது மன்றாட ஒருவர் இருந்தார். எல்லாம் தெரிந்த அவளுக்கு ஒருவருமில்லை. கதிரையில் இருந்து, யாரிடம் என்று தெரியாமலே, மன்றாடத் தொடங்கினாள்.