அத்தாயி வீட்டுக்கு நின்ற ஆள்

குப்புசாமி மாஸ்டருக்கு விசில் இல்லாவிட்டால் மூச்சே ஓடாது. சேலத்துக் கல்லூரி ஒன்றில் சடுகுடு பழக்குகிறவர். அவர் ஊதினால்தான் பிள்ளைகள் எதிரணிக் கட்டத்துக்குள் பாடப் போவார்கள். அவர் ஊதினால்தான் தண்ணீரும் குடிப்பார்கள். இவ்வளவு கெடுபிடி செய்தும் இரண்டு வருஷமாகக் கடைசி ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினார்கள். இந்த 1958-லும் கோப்பை வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி பிரின்சிபால் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு மூன்று பெண்களை வைத்திருக்கும் மனுஷர், பாவம், எங்கே போவார்?

வெள்ளிக்கிழமை ஆட்டம். அணித்தலைவன் செல்லமுத்து, ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு ஒரு நாள் போய்வருகிறேன் என்று கொல்லிமலை ஏறியவன், புதன்கிழமை வரை இறங்கவில்லை. மாஸ்டர் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி, வழிநெடுக அவனைத் திட்டிக்கொண்டே மலை ஏறினார். மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியில் அவன் ஊரை அடைந்தபோது காப்புக் கட்டியாகியிருந்தது. நோம்பி முடிகிற வரை ஒன்பது நாளும் வீட்டுக்கு ஓர் ஆம்பளை எல்லைக்குள் இருந்தாக வேண்டுமாம். அத்தாயியின் வீட்டில் மகன் செல்லமுத்துவைத் தவிர வேறு ஆம்பளை கிடையாது.

மாஸ்டர் அதட்டினார், கெஞ்சினார். ஊர்க்கவுண்டர் சென்றாயன் அசைந்து கொடுக்கவில்லை.

"அவன் போகோணும்னா அந்த ஊட்டுக்கு வேற ஆள் நிக்கோணுமுங்க. நீங்க நிக்கறீங்களா?"

செல்லமுத்து இல்லாமல் ஆடினால் தோல்வி நிச்சயம். தான் இல்லாமல் ஆடினாலும் தோல்விதான் என்றது மாஸ்டரின் மனசு. ஆனாலும் கையை நீட்டினார். செல்லமுத்துவின் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்புக் கயிறு அவருக்கு மாறியது.

"இழுபறி ஆச்சுன்னா கடைசியில நீயே பாடப் போ. வேற எவனையும் விடாதே," என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியிருக்கும். மாஸ்டர் கோயிலுக்கும் எல்லைக்கல்லுக்குமாக நடந்து தீர்த்தார். கூண்டில் அடைத்த மாதிரி இருந்தது. கல்லைத் தாண்டினால் யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. ஆனால் அத்தாயிக்குத்தான் ஊரில் தலைகுனிவு. அவளோ, "களி ஆறுதுங்க சாமி, வாங்க," என்று வாய்நிறையக் கூப்பிட்டாள். பொறுக்கமாட்டாமல் விசிலை ஊதியே விட்டார். மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்லமுத்து வந்து சேர்ந்தான்.

"ஜெயிச்சுட்டமுங்க சார். ஒத்தப் பாயிண்டுல."

மாஸ்டர் அவனைக் கட்டிக்கொண்டார். "கடைசியா நீதானே பாடப் போனே?"

"இல்லீங்க. எதிர் டீம்காரங்க அத்தனை பேரும் என்னையவே பாத்துட்டு நின்னாங்க. அதனால அப்பாஸ் அலியை அனுப்புனனுங்க."

அப்பாஸ் அலியா! ஓரத்தில் நின்று பிடிக்க மட்டுமே லாயக்கு என்று மூன்று வருஷமாக அவர் ஒதுக்கி வைத்திருந்தவன்!

"நான் அங்க இருந்திருந்தா?"

"விசில் ஊதியிருப்பீங்க. நான் போய்ப் புடிபட்டிருப்பனுங்க."

மாஸ்டரின் கைகள் தளர்ந்தன. உள்ளது அதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

"பிரின்சிபால் என்னடா சொன்னார்?"

"யார் சொல்லி அப்பாஸை அனுப்புனேன்னு கேட்டாருங்க. நானாத்தான்னு சொன்னனுங்க. அப்ப மாஸ்டர் எதுக்குன்னாருங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க சார்." அவன் கண் கலங்கிவிட்டது. "கயித்தைக் குடுங்க. நான்தான் வந்துட்டனே, நீங்க இறங்கிப் போய் அவருகிட்டச் சொல்லுங்க."

இறங்கிப் போய் என்ன சொல்வது என்று மாஸ்டருக்கும் தெரியவில்லை. மணிக்கட்டை மறு கையால் பொத்திக்கொண்டார்.

"நோம்பி முடியட்டும்டா," என்றார்.